இன்ஜினை இறக்கச் சொன்னால் முதலில் நம்பர் கேளுங்கள்

பிக்கப் இல்லை, ஆயில் குடிக்கிறது, ஐடிலில் நடுங்குகிறது. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டியை விட்டால் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ரிங் போயிடுச்சுங்க, இன்ஜினை இறக்கணும்." ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம். அது போயிருக்கலாம். ஆனால் சைலன்சர் புகையைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு மட்டும் அதை முடிவு செய்ய முடியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்த்தால்தான் தெரியும். இதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட், அரை மணி நேர வேலை. அதைப் பார்க்காமல் இன்ஜினில் கை வைக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டுப் பக்கம் ஷெட் வைத்திருக்கிறேன். மலை ஏறி இறங்கும் வண்டிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. மாருதி 800, ஆம்னி, ஆல்ட்டோ என்று பழைய பெட்ரோல் வண்டிகள் அதிகம் வரும். அதனால் இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜினுக்கு. டீசல் வண்டியில் இந்தக் கேஜை மாட்டவே மாட்டாதீர்கள். டீசலில் அழுத்தம் 400 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்று அடிக்கும் அதே கணக்கு) வரை சர்வசாதாரணமாகப் போகும், பெட்ரோல் கேஜ் 300-லேயே முடிந்துவிடும். அதற்குத் தனி கேஜ், தனி அடாப்டர், தனி முறை.

முதலில் கேஜ். ரப்பர் கூம்பைப் பிளக் ஓட்டையில் வைத்துக் கையால் அமுக்கிப் பிடிக்கும் வகை ஒன்று, மரை போட்டுத் திருகும் வகை ஒன்று. மரை வகையை வாங்குங்கள். அமுக்கிப் பிடிக்கும்போது கை கொஞ்சம் தளர்ந்தாலும் காற்று போய்விடும், அப்புறம் குறைவது இன்ஜினா கையா என்று தெரியாது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 14 மி.மீ. மரை. புது வண்டிகள் சிலவற்றில் 12 மி.மீ. வரும், செட்டாக வாங்கினால் இரண்டு அடாப்டரும் கிடைக்கும்.

கேஜ் குழாயின் நுனியில், இன்ஜினுக்குள் போகும் பக்கம், டயர் டியூபில் இருப்பது மாதிரியே ஒரு குட்டி வால்வு ஊசி இருக்கும். உள்ளே போன அழுத்தம் திரும்பி வராமல் பிடித்து வைப்பது அதுதான். அது லீக் ஆனால் பஞ்சர் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும், அளவும் சரியாகப் பொருந்தும். போடாதீர்கள். டயர் ஊசியின் ஸ்பிரிங் கெட்டி. அதைத் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகிவிடும், கேஜில் எல்லாச் சிலிண்டரும் குறைத்துக் காட்டும். கேஜுக்கென்று மெல்லிய ஸ்பிரிங் போட்ட ஊசி தனியாக விற்கிறது.

வண்டியைத் தயார் செய்வது

பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் குறைவாகத்தான் வரும். முதல் சிலிண்டருக்கு வேகமாகச் சுற்றிவிட்டு மூன்றாவதுக்கு முக்கி முனகினால், மூன்றாவது சிலிண்டர் கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் இன்னொரு பேட்டரியை ஜம்பர் ஒயரில் சேர்த்துவிடுங்கள்.

இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும் வரை ஓட்டுங்கள். சூட்டில்தான் பிஸ்டனும் ரிங்கும் வால்வும் வேலை செய்யும் அளவுக்கு விரிந்திருக்கும். குளிரில் பார்த்தால் சில நோய்கள் ஒளிந்துகொள்ளும், கீழே ஓர் ஆம்னி கதை வருகிறது. அதே சமயம் கொதிக்கக் கொதிக்கப் பிளக்கைக் கழற்றவும் கூடாது. பிளக் உட்காரும் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம், மரை பிய்ந்து பிளக்கோடு வந்துவிடும். கையை வைத்தால் சுடும், ஆனால் பொறுக்கும் என்ற அளவுக்கு ஆற விடுங்கள்.

பிளக்கைத் தளர்த்துவதற்கு முன் அந்தக் குழிகளை ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். மண், இலைச் சருகு, எலி கொண்டு வந்து வைத்த தேங்காய் நார் வரை நான் பார்த்திருக்கிறேன். அத்தனையும் சிலிண்டருக்குள்தான் விழும்.

எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும், சோதிக்கும் சிலிண்டரின் பிளக்கை மட்டும் அல்ல. மற்றவை மாட்டியிருந்தால் செல்ஃப் அந்த அழுத்தத்தையும் எதிர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். கழற்றிய பிளக்குகளை ஓர் அட்டையில் 1, 2, 3 என்று எழுதி வரிசையாகக் குத்தி வையுங்கள். மாருதியில் டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1. ஒரு பிளக் மட்டும் எண்ணெயில் குளித்து வந்திருந்தால் எந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும் என்று கேஜுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அடுத்து நெருப்பையும் பெட்ரோலையும் நிறுத்த வேண்டும். இதில் அசட்டை கூடாது. பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சிக்கொண்டு வெளியே வரும்போது பக்கத்தில் ஒரு ஒயர் ஸ்பார்க் அடித்தால் பானெட்டுக்குள் தீ. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் காயிலுக்கு (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுப்பது) போகும் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் காயில் கனெக்டர்களைக் கழற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றுங்கள், இல்லையென்றால் பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். பெட்ரோல் உள்ளே இறங்கினால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், ரீடிங்கும் பொய்யாகிவிடும்.

கடைசியாக ஆக்ஸிலேட்டர். டெஸ்ட் முழுக்க அது தரை வரை அமுங்கியிருக்க வேண்டும். த்ராட்டில் (காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் கதவுத் தகடு) மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது, பிறகு எதை அமுக்கும்? கேபிள் இல்லாத, எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டியில் தகட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும். ஈ.சி.எம். (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஃபியூஸை எடுக்காமல் வைத்து, உள்ளே ஓர் ஆளை உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னால் தானாகத் திறக்கும்.

செல்ஃப் அடிப்பது

கேஜைக் கையாலேயே திருகி உட்கார வையுங்கள். ஓ ரிங் அடைத்துக்கொள்ளும், ஸ்பானர் வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டாயிற்றா என்று பாருங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு முள்ளைப் பாருங்கள். 'புஸ், புஸ்' என்று ஒவ்வோர் அமுக்குக்கும் முள் ஒரு குதி குதிக்கும். ஐந்து அல்லது ஆறு குதியில் நின்றுவிடும். முதல் சிலிண்டருக்கு ஆறு என்றால் எல்லாவற்றுக்கும் ஆறுதான்.

பெரும்பாலானவர்கள் கடைசி நம்பரை மட்டும் எழுதுவார்கள். முதல் குதி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். நோயின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. நல்ல சிலிண்டரில் முள் முதல் குதியிலேயே பாதிக்கு மேல் ஏறிவிடும், 90, 100 என்று. அப்புறம் 135, 155, 165 என்று சீக்கிரம் முடித்துவிடும். ரிங் தேய்ந்த சிலிண்டர் முதலில் 40, 50 என்று சோம்பலாகத் தொடங்கி, ஒவ்வொரு குதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும். வால்வு லீக் என்றால் முதலிலும் குறைவு, இரண்டு மூன்று குதிக்குப் பிறகு பெரிதாக ஏறவும் மாட்டாது.

நம்பரைப் படிப்பது

எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் கடைசி வார்த்தை. பொதுவாக ஆரோக்கியமான பெட்ரோல் இன்ஜின் 150-லிருந்து 190 பி.எஸ்.ஐ.க்குள் காட்டும். 100-க்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியாது. மேனுவலில் கிலோ கணக்கில் (ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று) போட்டிருந்தால் 1 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ., பார் என்றால் 14.5.

கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டரில் உள்ள காற்று எத்தனையில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது என்பதை) வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ரேஷியோ 9 என்றால், வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-ஐ 9-ஆல் பெருக்கினால் 132, அதற்கு மேல் எப்படி 170 வரும் என்று கேட்பார்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக அடித்துப் பாருங்கள், விரல் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், சூடான காற்று இன்னும் அழுத்தும். அதனால்தான் வெறும் பெருக்கலைவிடக் கேஜ் அதிகம் காட்டுகிறது.

ஆனால் என்னைக் கேட்டால், மொத்த நம்பரைவிடச் சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மாருதி மேனுவல்களில் வழக்கமாகப் பார்ப்பது, ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது. அதாவது 14 பி.எஸ்.ஐ. 145, 140, 145 காட்டும் பழைய இன்ஜினை நான் தைரியமாக ஓட்டச் சொல்வேன். 175, 130, 175 காட்டினால், நம்பர் எதுவும் 100-க்குக் கீழே போகவில்லை என்றாலும், அந்த நடுச் சிலிண்டரில் ஏதோ தொடங்கிவிட்டது.

மலை வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே 165 காட்டும் இன்ஜின் அங்கே 125, 130 தான் காட்டும். இன்ஜின் கெடவில்லை, அமுக்குவதற்குக் காற்று குறைவு. ஊட்டியில் எடுத்த ரீடிங்கை மேனுவலோடு ஒப்பிட்டு ரிங் போய்விட்டது என்று சொல்லிவிட்ட வண்டிகள் இங்கே வந்து நன்றாகக் காட்டியிருக்கின்றன. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம்தான், பெரிய வித்தியாசம் வராது.

ஆயில் விட்டுப் பார்ப்பது

ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., இன்ஜின் ஆயில் விட்டு, செல்ஃபை இரண்டு சுற்று விட்டு, மறுபடி கேஜ் மாட்டிப் பாருங்கள். ஆயில் ரிங்கைச் சுற்றி இறங்கி இடைவெளியை அடைக்கும். ரீடிங் கிடுகிடுவென்று 30, 40 ஏறினால் ரிங், பிஸ்டன் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஏறவில்லை என்றால் காற்று மேலே போகிறது, வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு).

இதில் ஒரு சூது இருக்கிறது. மாருதி 800-இன் மொத்தம் 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஆளுக்கு 265. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறத்தாழ 35 சி.சி. தான். அதில் 5 மி.லி. ஆயில் விட்டால் ஏழில் ஒரு பங்கு இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். அதனால் எந்தக் குறையும் இல்லாத சிலிண்டரிலும் 15, 20 பி.எஸ்.ஐ. ஏறத்தான் செய்யும். எனவே நல்ல சிலிண்டர் ஒன்றிலும் அதே அளவு விட்டுப் பார்த்து, இரண்டும் எவ்வளவு ஏறின என்று ஒப்பிடுங்கள். கண்மூடித்தனமாக ஆயிலை ஊற்றிவிட்டு "பார், ஏறிடுச்சு, ரிங்தான்" என்பது ரொம்ப சுலபம். அதிகம் ஊற்றினால் பிஸ்டன் ஆயிலையே அமுக்கி கனெக்டிங் ராடு வளையும் ஆபத்தும் உண்டு.

குன்னூரிலிருந்து காய்கறி மூட்டை ஏற்றி வரும் கேஸ் ஆம்னி ஒன்று வந்தது. "மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. இன்ஜினை ஃபுல்லா இறக்கணும்னு சொல்லிப்போட்டாங்க" என்றார் வண்டிக்காரர். சொன்னவர்கள் கேஜ் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டால், இல்லை. இரவெல்லாம் நின்ற வண்டி என்பதால் குளிரில் ஒரு தடவை பார்த்தோம்: 150, 140, 150. பெரிதாக ஒன்றும் இல்லை. பர்லியார் வரை ஏறி இறங்கி வரச் சொல்லிவிட்டு சூட்டில் பார்த்தோம்: 160, 105, 155. நடுவில் முள் 60, 85, 100, 105 என்று நகர்ந்து அங்கேயே நின்றது. ஆயில் விட்டதும் 120 ஆனது. முதல் சிலிண்டரில் அதே அளவு விட்டதும் 175. இரண்டுமே 15 தான் ஏறியிருக்கின்றன, அப்படியென்றால் ரிங் இல்லை.

வால்வு கவரைத் திறந்து நடுச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட்டில் (புகை வெளியேற்றும் வால்வின் தண்டுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் இடைவெளியில்) ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் தகடுகளை, விட்டால் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கேஸில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். கேஸ் உலர்ந்த எரிபொருள், வால்வு அடிக்கும் இடத்தில் சீட் மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறிக்கொண்டே போகும். அதோடு அதன் தண்டும் மேலே எழும், டேப்பட் கேப் சுருங்கும். குளிரில் வால்வு எப்படியோ மூடிக்கொள்ளும். சூட்டில் தண்டு நீண்டதும் கொஞ்சம் திறந்தே நிற்கும், அந்த இடுக்கு வழியாக நெருப்பு போய் விளிம்பைத் தின்னும். கேப் வைத்துப் பார்த்ததும் 130-க்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. விளிம்பு ஏற்கெனவே கருகியிருந்தது. ஹெட்டை மட்டும் இறக்கி, லேத்துக்கு அனுப்பி சீட் மாற்றி, புது வால்வு போட்டு முடித்தோம். பிஸ்டனைத் தொடவில்லை. கேஸ் வண்டிக்காரர்கள் மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே டேப்பட் பார்த்துக்கொள்வது நல்லது.

மற்ற சில ஜாதகங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்து, மற்றவை நன்றாக இருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். எல்லாமே ஒரே மாதிரி குறைந்தால் இன்ஜினைப் பழிப்பதற்கு முன் பேட்டரியையும் ஆக்ஸிலேட்டரையும் கேஜ் ஊசியையும் சந்தேகப்படுங்கள். அவை சரியென்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாகப் பெல்ட் மாற்றிய பிறகு பிக்கப் போயிருந்தால். எல்லாமே மேனுவலைவிட அதிகமாகக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், பிஸ்டன் தலையில் கார்பன் அடை கட்டியிருக்கும். ஒன்று சுத்தமாகப் பூஜ்யம் என்றால் உடைந்த வால்வு, ஓட்டை விழுந்த பிஸ்டன், அல்லது கேஜ் ஒழுங்காக மாட்டவில்லை.

மாதக்கணக்கில் நின்ற வண்டியா? முதல் ரீடிங்கை நம்பாதீர்கள். ரிங் ஒட்டியிருக்கும், வால்வு சீட்டில் துரு பூத்திருக்கும். சில நாள் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் நீலப்புகை வரும் வண்டிகளும் உண்டு. அழுத்தத்தைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங். ஆயிலை வழிப்பது மூன்றாவது. அது மட்டும் அடைத்துக்கொண்டாலோ, வால்வு சீல் காய்ந்துவிட்டாலோ ஆயில் எரியும், கேஜில் ஒன்றும் தெரியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே லீக் என்று இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? அந்தப் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடிய நிலையில் மேலே கொண்டு வந்து நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காதை வையுங்கள். ஆயில் ஊற்றும் மூடியில் காற்றுச் சத்தம் கேட்டால் ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். காற்று விடும்போது இன்ஜின் சட்டென்று சுற்றப் பார்க்கும், கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை விட்டுவைத்துக்கொண்டு காற்றைத் திறக்காதீர்கள்.

மாட்டும்போது பிளக்கை விரலாலேயே இரண்டு மூன்று மரை இறக்குங்கள், சாய்ந்து ஏறினால் ஹெட்டுக்குச் செலவு. 14 மி.மீ. பிளக்குக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும், 12 மி.மீ. என்றால் அதைவிடக் குறைவு. ஆயில் விட்ட சிலிண்டர் என்றால் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகையும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், அதுவாக நின்றுவிடும். கனெக்டர்களைக் கழற்றியதால் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். எழுதிய நம்பர்களை கிலோமீட்டரோடும் தேதியோடும் சேர்த்து ஆர்.சி. கவரில் வையுங்கள், அடுத்த தடவை ஒப்பிட உதவும்.